17 ஹெர்ட்ஸைத் தேடி: கருந்துளையின் சுழற்சியை வீட்டு மடிக்கணினியில் அளப்பது எப்படி

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். 1996-இல் சேர்ந்தேன். பம்பு, காற்றழுத்தி, பெரிய விசிறி என்று எது ஓடினாலும் அதன் பேரிங் மேல் ஒரு சென்சாரை ஒட்டி, அதிர்வைப் பதிவு செய்து, கணினியில் ஸ்பெக்ட்ரமாக, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் வரைபடமாக, விரித்துப் பார்ப்பது என் வேலை. நிமிடத்துக்கு 1,475 சுற்று ஓடுகிற மோட்டார் என்றால் 24.6 ஹெர்ட்ஸில் ஒரு முள் நிற்கும். பேரிங்கின் வெளிவளையத்தில் கீறல் விழுந்தால் வேறோர் இடத்தில் இன்னொரு முள் முளைக்கும். முள் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் போதும், மோட்டாரைப் பிரிக்காமலே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடலாம்.

படிவம் ஆறு படிக்கிற என் அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். "மாமா, கருந்துளையில இருந்து வெளிச்சமே வராதுன்னா, அது சுத்துது, இவ்ளோ வேகமா சுத்துதுன்னு எப்படிச் சொல்றாங்க?"

"மூடியத் திறக்காமத்தானேம்மா நானும் பேரிங் போச்சுன்னு சொல்றேன். சுத்தி இருக்கிறது ஆடுறத வச்சுச் சொல்வாங்க" என்றேன். வாய்க்கு வந்த பதில்தான். அன்று இரவு உட்கார்ந்து படித்தபோது அது கிட்டத்தட்ட அப்படியே உண்மை என்று தெரிந்தது. ஸ்பெக்ட்ரம் கணக்கும் ஒன்றே. அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் ஞாயிறுதோறும் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு வேண்டியது ஒரு மடிக்கணினி, கொஞ்சம் பைத்தான், ஐந்தாம் படிவக் கணக்கு, நிறையப் பொறுமை.

தொலைநோக்கி வேண்டாம். கருந்துளையைச் சுற்றி ஆடுவது நமக்கு எக்ஸ் கதிரில்தான் தெரியும்; எக்ஸ் கதிரோ காற்று மண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வராது. எல்லாம் செயற்கைக்கோள் பிடித்துத் தந்ததுதான். பினாங்கு மழையும் புகைமூட்டமும் நமக்கு ஒரு பொருட்டில்லை. ஆனாலும் வேலையைத் தொடங்குமுன் ஒரு தடவை நம் கருந்துளை இருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். ஜூலை மாதம் இரவு பத்தரை மணி வாக்கில் தெலுக் கும்பார் கடற்கரையில் தெற்குப் பார்த்து நில்லுங்கள். விருச்சிகம் முழுசாக எழுந்து நிற்கும். சிவப்பாக இருப்பது கேட்டை. அங்கிருந்து வால் வளைந்து கொடுக்கு வரை போனால் மூலம். இரண்டுக்கும் நடுவே, வால் கீழே இறங்கித் திரும்புகிற இடத்தில், ஏறத்தாழ 10,000 ஒளியாண்டுத் தொலைவில் ஜிஆர்ஓ ஜே1655-40 என்ற அந்தக் கருந்துளை இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. 1994-இல் காம்ப்டன் விண்கலம் அதைக் கண்டுபிடித்தது. ஒரு சாதாரண விண்மீனும் ஒரு கருந்துளையும் 2.6 நாளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. விண்மீனிலிருந்து உருவப்பட்ட வாயு தட்டு மாதிரி சுழன்றுகொண்டே உள்ளே விழுகிறது. விழும்போது கொதித்து எக்ஸ் கதிரை உமிழ்கிறது.

என்ன தேடுகிறோம்

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற வழியில் நின்றிருக்கிறீர்களா? கூட்டத்தின் இரைச்சல், அரோகரா, வண்டிச் சத்தம், எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். அதற்குள் உறுமி ஒன்று கேட்கும். அடிக்கிறவர் மனிதர், வேகம் ஒரு நேரம் கூடும், ஒரு நேரம் குறையும். ஆனால் ஒரு நடை இருக்கிறது, காது அதைப் பிடித்துக்கொள்ளும். கருந்துளையைச் சுற்றி வருகிற எக்ஸ் கதிரிலும் இப்படித்தான். கடிகாரம் போலத் துல்லியமான துடிப்பு கிடையாது, ஆனால் நடை உண்டு. இதைக் 'கிட்டத்தட்டச் சீரான அலைவு' என்கிறார்கள், சுருக்கமாகக் கியூபிஓ. ஸ்பெக்ட்ரத்தில் ஊசியாக நிற்காது. மேடாகப் படர்ந்து நிற்கும். மேட்டின் நடு அதிர்வெண்ணை அதன் அகலத்தால் வகுத்தால் 2-க்கு மேல் வரவேண்டும். அதற்குக் குறைந்தால் அதைக் கியூபிஓ என்று கணக்கில் எடுப்பதில்லை.

மேடுகளில் இரண்டு வகை. பத்துக் கணக்கான ஹெர்ட்ஸுக்குள் வருபவை தாழ்ந்தவை. இவற்றிலும் ஏ, பி, சி என்று உட்பிரிவு உண்டு, நமக்கு வேண்டியது சி. 40-இலிருந்து 450 ஹெர்ட்ஸ் வரை வருபவை உயர்ந்தவை, மிகவும் அரிதானவை. நம் ஆளிடம் இரண்டும் உண்டு. அதனால்தான் இந்தப் பயிற்சிக்கு அதைத் தேர்ந்தெடுத்தோம்.

தரவை எடுப்பது

1995 டிசம்பர் 30-இல் ஏவப்பட்டு 2012 ஜனவரி வரை உழைத்த ரோஸ்ஸி என்ற நாசா செயற்கைக்கோளின் தரவு முழுவதும் இலவசம். நாசாவின் ஹீசார்க் காப்பகத்தில் பொருளின் பெயரைப் போட்டுத் தேடினால் வந்துவிடும். அதில் உள்ள பிசிஏ கருவிதான் நமக்கு வேண்டியது. ஐந்து வாயுக் கண்டறிவான்கள் சேர்ந்தது. ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகளும்) வந்த நேரத்தை மைக்ரோ வினாடிக் கணக்கில் குறித்து வைக்கும். 1996-இல் நான் முதல் தடவையாகப் பம்பு அறைக்குள் காதுக்கவசம் மாட்டிக்கொண்டு போன வருஷமே அது இந்தக் கருந்துளையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கோப்புகளைத்தான் திறக்கப்போகிறோம்.

மூலக் கோப்பிலிருந்து நேரவரிசையைப் பிரித்தெடுக்க ஹீசாஃப்ட் என்ற மென்பொருள் வேண்டும். லினக்ஸில் நன்றாக ஓடும். அப்புறம் ஸ்பெக்ட்ரம் போட ஸ்டிங்ரே என்ற பைத்தான் தொகுப்பு. நிறுவும் வேலை ஒரு மாலைப்பொழுதைத் தின்றுவிடும், அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

நம் கருந்துளையின் உயர்ந்த மேடு நிற்கும் 450 ஹெர்ட்ஸுக்கு நேரடியாகப் போகாதீர்கள். முதலில் ஜிஆர்எஸ் 1915+105 என்ற இன்னொரு கருந்துளையின் ரோஸ்ஸி தரவை எடுத்து, 1-இலிருந்து 10 ஹெர்ட்ஸுக்குள் வருகிற சி வகை மேட்டைப் பாருங்கள். சில நிமிடத் தரவிலேயே குன்று மாதிரி எழும்பி நிற்கும். உங்கள் நிரல் சரியாக ஓடுகிறது என்று அப்போது தெரியும். எங்கள் வீட்டில் அது முதன்முதல் திரையில் வந்தபோது அக்கா மகள் கைதட்டினாள். அந்தச் சந்தோஷம் பின்னால் வரும் வறண்ட வாரங்களுக்குத் தேவைப்படும்.

தரவை எடுக்கும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, நேரத்துண்டின் அளவு. 450 ஹெர்ட்ஸ் அலைவைப் பார்க்க வேண்டுமென்றால் நொடிக்குக் குறைந்தது 900 தடவை எண்ண வேண்டும். தொழிற்சாலையில் இதை நான் புதியவர்களுக்குச் சொல்லித் தருகிறவன். ஆனால் மடிக்கணினி திணறுகிறதே என்று தரவை நொடிக்கு 512 துண்டாகச் சுருக்கிவிட்டேன். ஒரு துண்டுக்குள் அலை ஏறியும் இறங்கியும் விடுவதால் எண்ணிக்கை சமமாகிவிடுகிறது, அலைவு கரைந்துபோகிறது. இரண்டு வார இறுதிகள் தட்டையான கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நொடிக்கு 4,096 துண்டாக மாற்றிய பிறகுதான் அந்தப் பகுதியே திறந்தது. 2,048 ஹெர்ட்ஸ் வரை தெரியும். நமக்கு அது தாராளம்.

இரண்டாவது, ஆற்றல் வரம்பு. 2001-இல் நாசா கோடார்டு மையத்தின் டாட் ஸ்ட்ரோமயர் இந்த 450 ஹெர்ட்ஸ் அலைவைக் கண்டுபிடித்தார். தரவு 1996-இலிருந்தே அங்கே கிடந்தது. 300 ஹெர்ட்ஸ் அலைவு ஏற்கெனவே தெரிந்தும் இருந்தது. அவர் 13-இலிருந்து 27 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள ஃபோட்டான்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார். தட்டிலிருந்து வருகிற மென்மையான, அதாவது ஆற்றல் குறைந்த, எக்ஸ் கதிர் எண்ணிக்கையில் அதிகம், ஆனால் அதில் இந்த அலைவு ஏறக்குறைய இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டால் உறுமி அமுங்கிப்போகிறது. 300-க்கு மென்மையான பகுதியைப் பாருங்கள், 450-க்குக் கடினமான, ஆற்றல் கூடிய பகுதியைப் பாருங்கள்.

ஸ்பெக்ட்ரம் போடுவது

செயற்கைக்கோள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றும். பாதி வழியில் பூமியே குறுக்கே வந்து பொருளை மறைத்துவிடும். ஆகவே தரவில் ஓட்டைகள் இருக்கும். நல்ல நேர இடைவெளிகளின் பட்டியல் கோப்பிலேயே உண்டு; ஸ்டிங்ரேயிடம் அதைக் கட்டாயம் கொடுங்கள். ஓட்டையின் மேலேயே ஸ்பெக்ட்ரம் போட்டால் இல்லாத முட்கள் எல்லாம் வரும்.

தரவை 4 நொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஸ்பெக்ட்ரம் போட்டு, எல்லாவற்றையும் சராசரி எடுங்கள். லீஹி என்ற அளவுமுறையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு வசதி இருக்கிறது: வெறும் இரைச்சல் மட்டும் இருந்தால் கோடு 2-இல் படுத்திருக்கும். ஒரே துண்டை மட்டும் பார்த்தால் அந்த 2-ஐச் சுற்றிக் காட்டுத்தனமாக ஏறி இறங்கும். 3,000 துண்டைச் சராசரி எடுத்தால் ஏற்ற இறக்கம் 2-ஐ 3,000-இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு, அதாவது 0.037 ஆகச் சுருங்கும்.

எவ்வளவு நுணுக்கமான வேலை என்று புரிய ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 5,000 ஃபோட்டான் வருகிறது, அதில் அலைவின் பங்கு 1 விழுக்காடு, மேட்டின் அகலம் 30 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். எண்ணிக்கையில் பாதி, பங்கின் வர்க்கம், அப்புறம் நேரத்தை அகலத்தால் வகுத்ததன் வர்க்கமூலம், மூன்றையும் பெருக்கினால் மேடு இரைச்சலைவிட எத்தனை மடங்கு தூக்கலாகத் தெரியும் என்று கிடைக்கும் (பின்னணியை விட்டுவிடுகிறேன்). 5 மடங்கு வேண்டுமென்றால் 12,000 நொடி கேட்க வேண்டும், மூன்று மணி இருபது நிமிடம். திரையில் அப்போது தெரிவது என்ன? 2.00 இருக்க வேண்டிய இடத்தில் 2.01. அவ்வளவுதான்.

கடினமான ஃபோட்டான்களை மட்டும் எடுத்தால் எண்ணிக்கை நொடிக்கு 500-ஆகக் குறையலாம். ஆனால் பங்கு 5 விழுக்காடாக ஏறினால், அகலம் 40 என்று வைத்தாலும், முக்கால் மணி நேரத்திலேயே அதே 5 மடங்கு வந்துவிடும். பங்கு வர்க்கமாகப் பெருக்கப்படுகிறது, அதுதான் காரணம். ஸ்ட்ரோமயர் ஆற்றலைப் பிரித்ததன் பலன் இந்தக் கணக்கில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

முள்ளை நம்புவதற்கு முன்

ஒரு மோட்டாரை நிறுத்தி பேரிங்கை மாற்றச் சொன்னால் உற்பத்தி நிற்கும். அதனால் ஒரே ஒரு பதிவை வைத்து நான் ஒருபோதும் சொல்வதில்லை. சென்சாரை இடம் மாற்றி வைப்பேன், வேறு நாளில் எடுப்பேன். இங்கேயும் அந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

2 என்ற கோடு உண்மையில் 2-இல் இருக்காது. ஒவ்வொரு ஃபோட்டானையும் பிடித்த பிறகு கண்டறிவான் பத்து மைக்ரோ வினாடி போல எதையும் பார்க்காது. அதனால் கோடு ஒரு மயிரிழை கீழே இறங்கும். நாம் தேடுவதே 0.01 அல்லவா? ஆகவே 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, கருந்துளை பேசாத பகுதியில், கோடு எங்கே படுத்திருக்கிறது என்று அளந்து அதையே தரையாக வையுங்கள்.

கண்டறிவான்கள் ஐந்து இருக்கின்றன. தனித்தனியாகவும் பாருங்கள். ஒன்றில் மட்டும் மேடு வந்தால் அது விண்ணிலிருந்து வந்தது இல்லை. தரவை முன்பாதி, பின்பாதி என்று வெட்டியும் பாருங்கள்.

எத்தனை இடத்தில் தேடினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு ஸ்பெக்ட்ரத்தில் 200 இடம், 50 கோப்பு என்றால் 10,000 தடவை சீட்டு எடுத்ததற்குச் சமம். 3 சிக்மா மேடு, அதாவது இரைச்சலின் வழக்கமான ஏற்ற இறக்கத்தைவிட 3 மடங்கு எழுந்த மேடு, தற்செயலாக ஏறக்குறைய 740-க்கு ஒன்று வரும். அப்படியானால் ஒன்றுமே இல்லாத தரவிலும் பதின்மூன்று மேடுகள் கிடைக்கும், ஒவ்வொன்றும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அக்கா மகள் 212 ஹெர்ட்ஸில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முகத்தைப் பார்த்தாலே மறுக்க மனசு வராது. பின்பாதித் தரவில் போட்டுப் பார்த்தோம், இல்லை. அவளே கோடு போட்டு அடித்தாள்.

மூன்று எண்களிலிருந்து சுழற்சி

இனிதான் விஷயமே. சுழற்சியை 0-இலிருந்து 1 வரை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். 0 என்றால் சுழலவில்லை, 1 என்றால் இயற்கை அனுமதிக்கிற உச்சம்.

முதலில் ஒரு வரிச் சோதனை. சுழலாத கருந்துளையைச் சுற்றி, விழாமல் நிலையாக ஓடக்கூடிய கடைசிப் பாதையில் நொடிக்கு எத்தனை சுற்று? 2,199-ஐக் கருந்துளையின் நிறையால் (சூரியன் = 1) வகுங்கள். 5.5 சூரிய நிறை என்றால் 400 ஹெர்ட்ஸ். நாம் பார்த்தது 450-ஐ ஒட்டி. நிறை இன்னும் அதிகமென்றால் 400-ம் குறையும். ஆக, இந்த அலைவு வாயு சுற்றுகிற வேகம்தான் என்றால், கருந்துளை சுழன்றே தீரவேண்டும். சுழன்றால்தான் கடைசிப் பாதை இன்னும் உள்ளே நகரும். 2001-இல் ஸ்ட்ரோமயர் சொன்னது இதைத்தான்.

எவ்வளவு சுழல்கிறது என்று சொல்ல மூன்று முள் வேண்டும். 1990-களின் கடைசியில் லூயிஜி ஸ்டெல்லாவும் மரியோ வியெத்ரியும் ஒரு விளக்கம் தந்தார்கள். உள்ளே ஓடுகிற வாயுக் கட்டி ஒன்று லேசான நீள்வட்டத்தில், லேசாகச் சாய்ந்து ஓடுகிறது என்று வையுங்கள். அதற்கு மூன்று அசைவு: சுற்றி வருவது, உள்ளே வெளியே போய் வருவது, மேலே கீழே போய் வருவது. நியூட்டன் கணக்கில் மூன்றுக்கும் ஒரே நேரம்தான் ஆகும். அதனால்தான் பாதை மூடிக்கொள்கிறது. ஐன்ஸ்டைன் கணக்கில் மூன்றும் பிரிந்துவிடுகின்றன. உள்வெளி அசைவு பின்தங்குவதால் நீள்வட்டமே மெல்லத் திரும்பும். புதன் கோளுக்கு நூற்றாண்டுக்கு 43 விகலை என்று படித்திருப்பீர்கள், அதுவேதான். மேல்கீழ் அசைவு பிந்துவதற்கோ ஒரே காரணம்தான்: கருந்துளை சுழன்று, தன்னைச் சுற்றியுள்ள வெளியையே இழுத்துக்கொண்டு போவது. 1918-இல் லென்ஸும் தீரிங்கும் கண்ட விளைவு அது. சாய்ந்த பம்பரத்தின் தலை வட்டம் போடுகிறதே, அந்த மாதிரி சாய்ந்த பாதை தலை சுற்றும்.

பேரிங் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. இரண்டு அசைவு கலந்தால் அவற்றின் வித்தியாசத்தில் ஒரு முள் நிற்கும். இங்கேயும் அப்படி. சுற்றும் வேகம் ஒரு முள். சுற்று கழித்தல் உள்வெளி இரண்டாவது முள். சுற்று கழித்தல் மேல்கீழ் மூன்றாவது முள்.

நிறையை நி, ஆரத்தை ஆ, சுழற்சியை சு என்று வைத்தால், 1963-இல் ராய் கெர் கண்ட தீர்விலிருந்து வருவது இவ்வளவுதான். ஆரத்தின் அலகு, சூரிய நிறை ஒன்றுக்கு 1.477 கிலோமீட்டர்.

சுற்று = 32,312 ÷ நி ÷ (ஆ√ஆ + சு)

மேல்கீழ் = சுற்று × √(1 − 4சு/ஆ√ஆ + 3சு²/ஆ²)

உள்வெளி = சுற்று × √(1 − 6/ஆ + 8சு/ஆ√ஆ − 3சு²/ஆ²)

நடு வரியில் சு-வை 0 ஆக்கிப் பாருங்கள். வர்க்கமூலம் 1 ஆகிவிடும், மேல்கீழும் சுற்றும் ஒன்றாகிவிடும், மூன்றாவது முள் மறைந்துவிடும். அந்த முள் இருப்பதே சுழற்சியால்தான். ஜிஆர்ஓ ஜே1655-40-இல் அது 17.3 ஹெர்ட்ஸில் நிற்கிறது. 450-ஐ ஒட்டிய முள்ளை எல்லாரும் பார்ப்பார்கள். நான் ஆசையோடு பார்ப்பது இந்தப் 17-ஐ.

2014-இல் சாரா மோட்டாவும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் கருந்துளையின் ரோஸ்ஸி தரவில் மூன்று முட்களையும் ஒரே நேரத்தில் கண்டார்கள்: 441, 298 (இதுவரை 450, 300 என்று சொன்னவை), 17.3. மூன்று சமன்பாடு, தெரியாதது மூன்று. சாப்பாட்டு மேசையில், அவளுடைய கட்டம் போட்ட நோட்டில், கால்குலேட்டரோடு போட்டோம்.

441-இலிருந்து 17.3-ஐக் கழித்து 441-ஆல் வகுத்தால் 0.9608, வர்க்கம் 0.9231. 441-இலிருந்து 298-ஐக் கழித்து வகுத்தால் 0.3243, வர்க்கம் 0.1051. நிறை அடிபட்டுப் போய்விட்டது பாருங்கள். இப்போது 4சு/ஆ√ஆ என்பதை க என்றும் 3சு²/ஆ² என்பதை ச என்றும் எழுதினால்:

க = 0.0769 + ச

6/ஆ = 0.9718 + க

ச மிகச் சின்னது. முதலில் 0 என்றே வையுங்கள். க 0.0769, ஆ 5.72, சு 0.263. இந்த சு-வைக் கொண்டு ச-வைக் கண்டுபிடித்தால் 0.0063, திரும்பவும் போடுங்கள், சு 0.282. மறுபடி, 0.285. மறுபடி, 0.286. அதற்கு மேல் நகரவில்லை. ஆ 5.68-இல் நின்றது. கடைசியாக 32,312-ஐ 441-ஆல் வகுத்து, அதை ஆ√ஆ + சு-வால், அதாவது 13.82-ஆல் வகுத்தால் நிறை 5.30.

மோட்டா குழு வெளியிட்டது: சுழற்சி 0.290, நிறை 5.31. நோட்டில் வந்த விடை அதை ஒட்டி நின்றதும் அவள் ஒன்றும் பேசவில்லை, முதல் வரியிலிருந்து திரும்பச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அளவை மனத்தில் பதிய வைக்க இன்னும் ஒன்று. 5.68 அலகு என்றால் ஏறக்குறைய 44 கிலோமீட்டர் ஆரம். சுற்றளவு 280 கிலோமீட்டர், பினாங்கிலிருந்து ஈப்போ போய்த் திரும்புகிற தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை வாயு ஒரு நொடிக்கு 441 தடவை ஓடி வருகிறது.

எதை நிச்சயமாகச் சொல்லலாம்

நிறை 5.30 என்பது வெறும் கணக்கில் வந்தது, அந்தத் துணை விண்மீனை நாம் தொடவே இல்லை. விண்மீனின் அசைவை ஒளியில் அளந்து 2002-இல் வெளியான நிறை 5.4, கூடக் குறைய 0.3. இரண்டு வேறு வழி, ஒரே இடம். இந்த முறை மேல் எனக்குப் பிடிப்பு வந்தது இதனால்தான்.

ஆனால் முழுதாகச் சொல்ல வேண்டும். தட்டின் வெப்ப நிறமாலையை வைத்து 2006-இல் இதே கருந்துளைக்குக் கண்ட சுழற்சி 0.65-இலிருந்து 0.75 வரை. இரும்பின் நிறமாலைக் கோட்டை வைத்துப் பார்த்தவர்கள் 0.9-க்கும் மேலே சொன்னார்கள். 0.29 எங்கே, 0.9 எங்கே? மூன்றும் சரியாக இருக்க முடியாது. முட்களின் இடத்தைப் பற்றி யாருக்கும் சண்டையில்லை, 17.3 என்றால் 17.3. எந்த முள் எந்த அசைவு என்பதில்தான் கருத்து வேறுபாடு. இரண்டு உயர்ந்த முட்களும் 3-க்கு 2 என்ற விகிதத்தை ஒட்டி நிற்பதால், அவை ஒத்ததிர்வு என்று அப்ரமோவிச்சும் க்ளூஸ்னியாக்கும் 2001-இல் வாதிட்டார்கள். அந்த விளக்கத்தை எடுத்தால் சுழற்சி வேறாக வரும். ஆகவே எங்கள் நோட்டில் உள்ள அட்டவணையில் அதிர்வெண்ணுக்கு ஒரு பத்தி, சுழற்சிக்கு இன்னொரு பத்தி. சுழற்சிப் பத்தியில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்த விளக்கப்படி வந்தது என்றும் எழுதுகிறோம். நீங்களும் அப்படி எழுதுங்கள்.

பெரிய கருந்துளைக்கும் அந்த ஒரு வரிச் சோதனை செல்லும். 2014-இல் ஒரு விண்மீனைக் கிழித்துத் தின்ற, ஏறக்குறைய பத்து லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை ஒன்று 29 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அந்த நிகழ்வுக்குப் பெயர் ஏஎஸ்ஏஎஸ்எஸ்என்-14எல்ஐ. 131 நொடிக்கு ஒரு தடவை அதன் எக்ஸ் கதிர் கூடிக் குறைவதை தீரஜ் பாஷம் குழு 2019-இல் வெளியிட்டது. 2,199-ஐப் பத்து லட்சத்தால் வகுத்துத் தலைகீழாக்குங்கள்: சுழலாவிட்டால் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 455 நொடி. 131 எவ்வளவோ வேகம். அவர்கள் சொன்ன சுழற்சி குறைந்தது 0.7. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இவ்வளவு மெதுவான அலைவில் சில சுற்றுகளை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லக்கூடாது. மெதுவான இரைச்சலே நாலைந்து தடவை ஏறி இறங்கி நடை மாதிரி காட்டும். இது 450 நாளாவது நீடித்தது, அதனால்தான் மதிப்பு.

இப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பது அஸ்ட்ரோசாட் என்ற இந்தியச் செயற்கைக்கோளின் தரவை. 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் லாக்ஸ்பிசி கருவி மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் செய்யப்பட்டது. ஃபோட்டான் நேரத்தை 10 மைக்ரோ வினாடிக்குக் குறிக்கும், கடினமான எக்ஸ் கதிருக்கு நல்ல காது. ஜிஆர்எஸ் 1915+105-இல் 67-க்கும் 72-க்கும் நடுவே நகர்கிற ஒரு மேட்டை அதில் 2019-இல் காட்டியிருக்கிறார்கள். எங்களுக்கும் 68-ஐ ஒட்டி ஒன்று வந்தது, இரண்டு பாதியிலும் நின்றது. நிறை 12.4 என்று வைத்தால் சுழலாத கருந்துளைக்கே 177 ஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு, 68 அதற்குள் தாராளமாக அடங்கிவிடுகிறது. இரண்டாவது முள்ளும் மூன்றாவது முள்ளும் அதே கோப்பில் கிடைக்கும்வரை அந்த வரிசையில் சுழற்சிப் பத்தியைக் காலியாகவே விட்டிருக்கிறோம்.